திரை பாடும், மத்தளம் முழங்குமா?

மெல்லிய ஒலிபெருக்கிக்கு ஏற்ற ஜோடி தேடும் கதை

ஆள் உயரத்துக்கு ஒரு தட்டி நிற்கிறது. அதில் மரப்பெட்டி இல்லை. காகிதக் கூம்பு இல்லை. காந்தமும் இல்லை. நடுவில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள்.

அந்தத் தாள் பாடுகிறது!

சாதாரணமாகப் பாடவில்லை. பாடகர் மூச்சு வாங்குவது கேட்கிறது. வீணைத் தந்தியில் விரல் உரசுவது கேட்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் கச்சேரி மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

ஆனால் ஒரு குறை. மிருதங்க வித்வான் இடது கையால் தொப்பியைத் தட்டுகிறார். "தொம்" என்று நெஞ்சில் வந்து விழ வேண்டும். அது "தம்" என்று மெலிந்து விடுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க ஒரு துணைப் பெட்டி உண்டு. அதற்கு "சப்-ஊபர்" என்று பெயர். அடித் தொனிகளை மட்டும் முழங்குவதே அதன் வேலை.

உயர்ந்த ரகத்தில் திரையும் பெட்டியும் சேர்த்து வாங்கினால் செலவு லட்சக்கணக்கில் போகும். அவ்வளவு பணம் போட்ட பிறகும் பல வீடுகளில் இந்த ஜோடி சேருவதில்லை. பாட்டு ஒரு பக்கம் கேட்கிறது. முழக்கம் இன்னொரு பக்கம் கேட்கிறது!

ஏன் சேருவதில்லை? சேர்ப்பதற்கு வழி என்ன?

சீப்பும் காகிதமும்

தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டு போனால் என்ன ஆகும்? துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்து பார்த்த வேடிக்கை இது. இதற்குக் காரணம் நிலைமின்சாரம்.

இந்த வேடிக்கைதான் அந்தத் தட்டியைப் பாட வைக்கிறது. மெல்லிய தாளின் முன்னால் ஒரு தகடு. பின்னால் ஒரு தகடு. இரண்டு தகட்டிலும் சல்லடை போலத் துளைகள் இருக்கும். தாளில் பல ஆயிரம் வோல்ட் மின்னூட்டம் ஏற்றி வைத்திருப்பார்கள். பாட்டின் மின்சாரம் தகடுகளுக்குப் போகும். ஒரு தகடு தாளை இழுக்கும்; மற்றது தள்ளும். தாள் முன்னும் பின்னும் ஆடும். அதனுடன் காற்றும் ஆடும். அதுவே பாட்டு!

சாதாரண ஸ்பீக்கரில் கூம்பின் நடுவில் இருக்கும் கம்பிச்சுருள் கூம்பைத் தள்ளுகிறது. நடுவில் தள்ளினால் ஓரம் சற்றுத் தடுமாறும். இந்தத் தாளுக்கு அந்தத் தொல்லை இல்லை. முழுத் தாளும் ஒரே மாதிரி நகரும். எடையே இல்லாததால் "ஆடு" என்றால் ஆடும். "நில்" என்றால் நிற்கும். இதன் ஒலி தெளிவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இதை "நிலைமின் ஒலிபெருக்கி" என்பார்கள். பார்வைக்குத் திரை போல நிற்பதால் இங்கே "திரை ஸ்பீக்கர்" என்றே சொல்லலாம்.

ஒருவரின் பதினெட்டு ஆண்டு உழைப்பு

இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்று ஓர் ஊர். அங்கே பீட்டர் வாக்கர் என்ற பொறியாளர் 1957-ல் ஒரு திரை ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். பெயர் "குவாட்". பார்த்தவர்கள், குளிர்காலத்தில் அறையைச் சூடேற்றும் கருவியோ என்று நினைத்தார்கள். கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்! 1985 வரை அது தயாரிக்கப்பட்டது. பழைய ஜோடிகளைப் பழுது பார்த்து இன்றும் கேட்கிறவர்கள் உண்டு.

வாக்கர் அதோடு நிற்கவில்லை. 1963-ல் அடுத்த திரையை உருவாக்கும் வேலையைத் தொடங்கினார். அது கடைக்கு வந்த ஆண்டு 1981. இடையில் ஓடியவை 18 ஆண்டுகள்! பொறுமைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அவ்வளவு உழைத்தும் அடித் தொனியில் ஓர் எல்லை இருக்கத்தான் செய்தது. குற்றம் வாக்கர் மேல் இல்லை. அது இயற்கை போட்ட எல்லை.

விசிறி சொல்லும் பாடம்

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியில் பெரிய ஏரி இருக்கிறது. கரையில் நின்று ஒரு பலகையைத் தண்ணீரில் நட்டு வைத்து முன்னும் பின்னும் ஆட்டுவதாக வைத்துக் கொள்ளுங்கள்.

வேகமாக ஆட்டினால் அலை எழும்பி முன்னே ஓடும். மெதுவாக ஆட்டினால் அலை எழாது. முன்பக்கத்துத் தண்ணீர் பலகையின் ஓரம் வழியாக நழுவிப் பின்பக்கம் போய்விடும். பனை ஓலை விசிறியும் இப்படித்தான். வேகமாக வீசினால் காற்று வரும். மெள்ள அசைத்தால் காற்று ஓரத்தில் நழுவி விடும்.

திரை ஸ்பீக்கரின் கதையும் இதுவே. அது முன்னாலும் பாடும், பின்னாலும் பாடும். தாள் முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கிறது. இரண்டும் ஓரத்தில் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்து விடும்.

மேல் தொனிக்கு இந்த ஆபத்து இல்லை. வினாடிக்கு 1,000 முறை அதிரும் ஒலியின் அலை நீளம் ஓர் அடிக்குச் சற்று அதிகம். அது திரையைச் சுற்றி வளைவதற்குள் முன்னே போய்விடும். வினாடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் அலை நீளம் சுமார் 28 அடி! இரண்டு மூன்று அடி அகலமுள்ள திரை அதை எப்படித் தடுக்கும்? அது ஓரத்தில் வளைந்து பின்னால் போய் அழிந்து விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தொனி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே சத்தம் கொடுக்கத் தாள் நாலு மடங்கு ஆட வேண்டும். இரண்டு ஸ்தாயி இறங்கினால் 16 மடங்கு! தாளுக்கும் தகட்டுக்கும் இடையே இருப்பதோ குறுகிய சந்து. அதற்குள் எவ்வளவுதான் ஆட முடியும்?

மிருதங்கத்துக்கு ஏன் இரண்டு முகம்?

நம் முன்னோர்களுக்கு இந்த உண்மை தெரிந்திருந்தது. மிருதங்கத்தைப் பாருங்கள். வலது பக்கம் வலந்தலை. அதில் கருமையான கரணை இருக்கிறது. அது சுருதியோடு கணீரென்று பேசும். இடது பக்கம் தொப்பி. கச்சேரிக்கு முன் அதன் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். பாரம் ஏறியதும் தோல் மெதுவாக அதிரும். தொனி இறங்கும். "தொம்" பிறக்கும்!

சர் சி. வி. ராமன் நம் நாட்டுத் தோல் வாத்தியங்களை ஆராய்ந்தவர். நடுவில் பாரம் ஏற்றிய தோல் எப்படி இனிய சுரங்களைத் தருகிறது என்பதை 1920-லேயே உலகப் புகழ் பெற்ற "நேச்சர்" இதழில் அவர் எடுத்துச் சொன்னார்.

மெல்லிய வேலைக்கு ஒரு முகம். கனமான வேலைக்கு வேறொரு முகம். இரண்டும் ஒரே கட்டையில் கட்டப்பட்டு, ஒரே வாத்தியமாகப் பேசுகின்றன. திரைக்கும் சப்-ஊபருக்கும் வேண்டியது இதே ஒற்றுமைதான்.

ஜோடி சேர்த்தவர்கள்

இந்த முயற்சி இன்று நேற்று வந்தது அல்ல. 1950-களில் அமெரிக்காவில் ஆர்தர் ஜான்சன் என்பவர் மேல் தொனிகளுக்கு மட்டும் சிறிய நிலைமின் ஸ்பீக்கர் செய்தார். அதே காலத்தில் எட்கர் வில்ச்சூர் என்பவர், காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த தொனியை வரவழைத்துக் காட்டினார். அவருடைய கம்பெனி 1954-ல் தொடங்கியது. ரசிகர்கள் இவர் பெட்டியையும் அவர் ஸ்பீக்கரையும் வாங்கி ஒன்றாக வைத்துக் கேட்டார்கள். ஜோடி பிரமாதம் என்று பேர் வாங்கியது!

1968-ல் கலிபோர்னியாவில் "இன்பினிட்டி" என்ற கம்பெனி பிறந்தது. அதன் முதல் படைப்பிலேயே நிலைமின் திரைகளுக்கு 18 அங்குல ஊபரைத் துணையாக வைத்தார்கள். அந்த ஊபரின் கூம்பு சரியாக ஆடுகிறதா என்று கவனித்து, தப்பினால் உடனே திருத்தும் ஏற்பாடும் அதில் இருந்தது.

பின்லாந்து நாட்டின் "கிரேடியன்ட்" கம்பெனி வேறு வழியில் போனது. திரை முன்னும் பின்னும் பாடுகிறது அல்லவா? துணையும் அப்படியே பாடட்டும் என்று முடிவு செய்தது. பெட்டியில் அடைக்காமல் திறந்து விட்ட ஊபர்களைச் செய்தது. வாக்கரின் 1981-ம் ஆண்டுத் திரையை அதன் மேலேயே நிறுத்தி வைக்கலாம்!

அமெரிக்காவின் "மார்ட்டின் லோகன்" கம்பெனி 1980-களிலிருந்து திரையையும் ஊபரையும் ஒரே உடம்பில் சேர்த்து விற்று வருகிறது. சேர்க்கும் தலைவலி வாங்குகிறவருக்குக் குறைவு.

கோர்வைப் புடவை

இந்த ஜோடிப் பொருத்தத்தின் ரகசியத்தைத் தென்னேரி, காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் தினம் பார்க்கலாம்.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். ஒரே நாடாவை ஓட்டி இதை நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நாடா. இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. ஆக மூன்று. நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போடுவார். ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றை ஒன்று கோத்துக் கொள்ள வேண்டும்.

கோர்வை சரியாக இருந்தால் உடலும் கரையும் ஒரே துணியாக இருக்கும். இழுத்தாலும் பிரியாது. கோர்வை தப்பினால்? கரை எவ்வளவு ஜரிகையாக இருந்தாலும் புடவை வீண்!

சப்-ஊபரும் ஒரு கரைதான். அது எவ்வளவு பெரியது, எத்தனை வாட் என்பது பிறகு. முதலில் கோர்வை சரியாக விழ வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

"என்ன கேட்கப் போகிறோம்?" முதலில் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் வினாடிக்குச் சுமார் 130 அதிர்வு. தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, சுமார் 65. பெரிய திரை ஸ்பீக்கர் ஓரளவு இதைத் தானே எட்டி விடும். வாய்ப்பாட்டும் வீணையும் மட்டுமே கேட்கும் வீட்டுக்குச் சப்-ஊபர் அவசியமே இல்லாமல் போகலாம். லட்ச ரூபாய் மிச்சம்!

பியானோவின் கடைசிக் கட்டை 27-க்குச் சற்று மேல் அதிர்வு. பெரிய தேவாலயங்களில் உள்ள ஆர்கனின் நீண்ட குழாய் 16 வரை இறங்கும். சினிமாவின் வெடிச் சத்தமும் இடியும் 20-லிருந்து 40-க்குள் உருளும். தவிலின் முழு கம்பீரம் வேண்டும், மேல்நாட்டு வாத்திய இசை வேண்டும், வீட்டிலேயே சினிமாவும் வேண்டும் என்றால் துணை தேவைதான்.

எந்தப் பெட்டி?

சப்-ஊபர் பெட்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காற்றுப் புகாத மூடிய பெட்டி. மற்றது, துளை வைத்த பெட்டி. துளைப் பெட்டி குறைந்த செலவில் அதிகச் சத்தம் போடும். ஆனால் அதன் எல்லைக்குக் கீழே ஒலி சட்டென்று செத்து விடும். தட்டி முடித்த பிறகும் முழக்கம் சற்று நீடிக்கவும் கூடும். மூடிய பெட்டியில் ஒலி படிப்படியாக இறங்கும், நின்றால் நிற்கும். திரையின் சுபாவத்துக்கு மூடிய பெட்டியே பெரும்பாலும் பொருந்துகிறது.

பெரிய பெட்டி ஒன்றா, நடுத்தரப் பெட்டி இரண்டா? இடம் இருந்தால் இரண்டே நல்லது. அடித் தொனி அறையின் சுவர்களுக்கு இடையே மோதி ஓர் இடத்தில் குவியும். ஓர் இடத்தில் காணாமல் போகும். இரண்டு பெட்டிகளை வெவ்வேறு இடத்தில் வைத்தால் இந்த மேடு பள்ளம் குறையும்.

கிரேடியன்ட் கம்பெனி செய்தது போன்ற திறந்த ஊபர் திரையோடு நன்றாகக் கலக்கும். ஆனால் அதற்கும் ஓரத்தில் ஒலி அழியும் தொல்லை உண்டு. ஆகவே பெரிய கூம்பும் அதிக சக்தியும் வேண்டும்.

"வேகமான" பெட்டி உண்டா?

கடைக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். "திரை ரொம்ப வேகமானது. அதற்கு வேகமான சப்-ஊபர் வேண்டும். சின்னக் கூம்பாக வாங்குங்கள்" என்பார்கள்.

இதில் பாதிதான் உண்மை. 40 அதிர்வு என்றால் எந்தக் கூம்பும் வினாடிக்கு 40 முறைதான் ஆடும். சின்னது வேகமாகவும் பெரியது மெதுவாகவும் ஆடுவதில்லை! சின்னக் கூம்பு அதே சத்தத்துக்கு அதிக தூரம் ஓட வேண்டும்; அதனால் திணறவும் கூடும்.

"மந்தம்" என்று காதுக்குத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் உண்டு. அறை முழங்கிக் கொண்டே இருக்கும். அல்லது பெட்டியின் ஒலியும் திரையின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேராது. அல்லது சத்தம் அளவுக்கு மேல் வைக்கப்பட்டிருக்கும். பெட்டியை மாற்றும் முன் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

எங்கே வெட்டுவது? எங்கே வைப்பது?

சப்-ஊபரின் பின்புறம் ஒரு குமிழ் இருக்கும். எந்த அதிர்வுக்குக் கீழே பெட்டி பாட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். அதிர்வின் எண்ணிக்கையை அதில் "ஹெர்ட்ஸ்" என்று குறித்திருப்பார்கள். 60-லிருந்து 80-க்குள் தொடங்கிப் பார்ப்பது நல்லது. 80-க்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் தெரியாது. அதற்கு மேலே வைத்தால் பாடகர் எதிரே இருப்பார். அவருடைய கனத்த குரல் மட்டும் மூலையிலிருந்து வரும்!

அந்த எல்லைக்குக் கீழே உள்ள தொனிகளைத் திரைக்கு அனுப்பாமல் தடுக்கும் வசதி இருந்தால் இன்னும் மேல். பாரம் குறைந்த திரை சுகமாகப் பாடும். கொஞ்சம் சத்தமாகவும் பாடும்.

இடம் தேடுவதற்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு. நீங்கள் உட்காரும் நாற்காலியில் சப்-ஊபரைத் தூக்கி வையுங்கள்! அடித் தொனிகள் ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு அறையின் ஓரமாகக் குனிந்து நடந்து வாருங்கள். எந்த இடத்தில் எல்லாத் தொனியும் ஒரே சீராகக் கேட்கிறதோ, அதுவே பெட்டிக்கு ஏற்ற இடம். குழந்தைகளுக்கு இது நல்ல விளையாட்டு.

மூலையில் வைத்தால் சத்தம் கூடும், முழக்கமும் கூடும். நம் ஊர் வீடுகளில் சிமெண்டுச் சுவர், கல் தரை. அவை அடித் தொனியை விழுங்காமல் திருப்பி அடிக்கும். ஆகவே மூலையில் எச்சரிக்கை தேவை.

அடுத்தது 0, 180 என்று குறித்த குமிழ். வெட்டிய எல்லையில் உள்ள ஒரே தொனியை ஒலிக்க விட்டு, இரண்டிலும் மாற்றிக் கேளுங்கள். எதில் சத்தம் கூடுதலோ அதுவே சரி. சத்தம் குறைந்தால் திரை தள்ளும்போது பெட்டி இழுக்கிறது என்று அர்த்தம்.

இப்போது வரும் சில பெட்டிகள் சிறிய மைக் ஒன்றால் அறையை அளந்து தாமே திருத்திக் கொள்கின்றன. நல்ல உதவிதான். ஆனால் தப்பான இடத்தில் வைத்த பெட்டியை எந்த மைக்கும் முழுக்கக் காப்பாற்றாது.

வீட்டில் கவனிக்க

திரையின் உள்ளே உயர்ந்த மின்னழுத்தம் இருக்கிறது. அதைத் திறப்பது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. குழந்தைகள் குச்சியைச் செருகாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். சீப்பு காகிதத்தை இழுப்பது போல அது தூசியையும் இழுக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரமும் அதற்கு ஆகாது. காற்றோட்டமான, உலர்ந்த அறையே நல்லது.

அடித் தொனி சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தில் குமிழைக் குறைப்பது நல்ல குடும்பத்துக்கு அழகு.

கடைசிப் பரீட்சை

முடிந்தால் பணம் முழுவதும் கொடுக்கும் முன் பெட்டியை வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். கடையின் அறை வேறு. வீட்டின் அறை வேறு.

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) பாடினால் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பல தாளத் துணைகள் மேடையில் அமரும். "புல் பெஞ்ச்" கச்சேரி என்று அதற்குப் பெயர். துணை எத்தனை இருந்தாலும் பாட்டுதான் தலைவன். வீட்டுக் கருவிக்கும் அதே நியாயம்.

நல்ல கச்சேரி ஒன்றைப் போட்டு, சப்-ஊபரின் குமிழை மெள்ள ஏற்றுங்கள். "ஆகா, பெட்டி பாடுகிறது!" என்று தோன்றினால் அதிகமாகி விட்டது. சற்றுக் குறையுங்கள். பெட்டி இருப்பதே மறந்து போகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு அதை அணைத்துப் பாருங்கள். மேடையின் தரையே நழுவிப் போனது போல இருக்கிறதா?

அப்படியானால் கோர்வை விழுந்து விட்டது. கொடுத்த பணம் வீண் போகவில்லை!